டென்சிங் நோர்கே: ஏழாவது தடவை

இந்தக் காலாண்டில் மே 29 வருகிறது. 1953-ம் வருடம் அதே தேதியில், காலை பதினொன்றரை மணிக்கு, எவரெஸ்ட் உச்சியில் இரண்டு பேர் போய் நின்றார்கள். டென்சிங், ஹில்லாரி என்று பொது அறிவுக் கேள்விக்கு விடையாக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பெயர்கள்தான். உங்கள் பேரக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் டென்சிங் அந்த மலைக்கு முதன்முதலில் போனது ஏறுவதற்காக அல்ல, தினக்கூலிக்கு மூட்டை தூக்குவதற்காக. அதிலிருந்து பதினெட்டு வருடம் கழித்து, ஏழாவது தடவையில்தான் உச்சிக்குப் போனார். அந்தப் பதினெட்டு வருடக் கணக்கைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன்.

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பனிமலையைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆக, கணக்கின் தொடக்க இருப்பு நம் பக்கம்தான் இருக்கிறது. இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் என்ற அதிகாரி தொடங்கிய நில அளவைதான் வடக்கே நீண்டுகொண்டே போய், அரை நூற்றாண்டு கழித்து, பதினைந்தாம் எண் கொடுத்து வைத்திருந்த ஒரு சிகரம் உலகத்திலேயே உயரமானது என்று கண்டுபிடித்தது. கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளி. பெயர் வைத்ததோ எவரெஸ்ட் துரைக்கு. உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பது அந்த மலைக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ள ராசி போலிருக்கிறது.

டென்சிங் பிறந்தது 1914-ல். தேதி எழுதி வைக்கப்படவில்லை. மே மாதக் கடைசி என்று மட்டும் பயிரையும் பருவத்தையும் வைத்துச் சொன்னார்கள். இப்போது வங்கியில் கணக்கு தொடங்க வந்திருந்தால் பிறந்த தேதிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்போம்! பிற்பாடு அவர் மே 29-ஐயே தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். பிறந்த இடம் நேபாளமா, திபெத்தா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வளர்ந்தது எவரெஸ்டுக்குத் தெற்கே நேபாளத்தின் கும்பு பகுதியில், தாமே என்ற கிராமத்தில். அப்பா யாக் எருமை மேய்ப்பவர். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பதினோராவது, பெரும்பாலோர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்தின் தலைமை லாமா சொல்லித்தான் டென்சிங் நோர்கே என்று மாற்றினார்கள். ஷெர்பா என்பது வேலையின் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவருடைய இனத்தின் பெயர்.

பள்ளிக்கூடம் கிடையாது. கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கொண்டார். ஆனால் பல மொழிகள் பேசுவார்.

பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு ஓடி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் எவரெஸ்டுக்குப் போகும் வெள்ளைக்காரக் குழுக்கள் ஆள் எடுப்பது டார்ஜிலிங்கில்தான். 1933-ல் போய் நின்றார், எடுக்கவில்லை. 1935-ல் ஷிப்டன் என்பவர் ஆள் எடுத்தார். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கையில் பழைய குழுக்கள் கொடுத்த சான்றிதழ் இருந்தது. இவர் கையில் ஒன்றும் இல்லை. கடைசி நேரத்தில் கூடுதலாக எடுத்த இரண்டு பேரில் இவரும் ஒருவர். முகத்தில் எப்போதும் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்து எடுத்தார்கள் என்று சொல்வார்கள். கூலி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய். அதாவது உயிருக்கு ஆபத்தான உயரத்துக்குப் போவதற்குப் படிக்காசு நாலணா. நம் பழைய துறைமுகத்தில் தோணிகளில் மூட்டை ஏற்றுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உழைப்பை அப்படியே பனிச்சரிவில் வைத்து நினைத்துப் பாருங்கள்.

1936-ல் மறுபடி போனார். 1938-ல் மறுபடி. அந்த மூன்றாவது தடவையில் மிக உயரத்தில் இருந்த முகாம் வரை சுமை கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகப் புலிப் பதக்கம் கிடைத்தது. பிறகு உலகப் போர் வந்தது. சித்ராலில் ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில் வேலை பார்த்தார். அங்கேதான் 1944-ல் முதல் மனைவி தாவா புட்டி இறந்தார். இரண்டு சின்னப் பெண்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். ஆங் லாமுவை மறுமணம் செய்துகொண்டார். மலைக்குப் போகும் குழுக்கள் இல்லாத அந்த நாட்களில் குடும்பத்தை ஓட்டியது பெரும்பாலும் அந்த அம்மாள்தான். 1947-ல் டென்மன் என்ற கனடாக்காரர் அனுமதியும் இல்லாமல், போதிய பணமும் இல்லாமல் திபெத் வழியாக எவரெஸ்ட் ஏறக் கூப்பிட்டார். நடக்காத காரியம் என்று தெரிந்தும் டென்சிங் கூடவே போனார். குளிரும் காற்றும் விரட்ட, சீக்கிரமே திரும்பினார்கள். இது நான்காவது.

மேற்கொண்டு சொல்வதற்கு முன், அந்த மலையில் ஏறுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லிப்ட் பழுதாகி நாலு மாடி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது. எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டர். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய் நேராக அங்கே இறக்கிவிட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அதனால் உடம்பைப் பழக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஏறுவது, கீழே வந்து தூங்குவது, மறுபடி இன்னும் கொஞ்சம் ஏறுவது என்று வாரக்கணக்கில் போகும். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே உடம்பு எதற்கும் பழகாது. தூங்கினாலும் களைப்புதான், சாப்பிட்டாலும் ஒட்டாது. உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அடுப்பு மூட்டிப் பனியை உருக்க வேண்டும். அடுப்பு இல்லையென்றால் பனிக்கு நடுவிலேயே தாகத்தால் சாக வேண்டியதுதான்.

நேபாளம் வழியாகப் போகும் பாதையில் அடிவாரத்தைத் தாண்டியதும் கும்பு பனிவீழ்ச்சி வருகிறது. பனி ஆறு ஒன்று செங்குத்தாக உடைந்து இறங்குகிற இடம். வீடு உயரத்துக்குப் பனிப்பாளங்கள் நிற்கும், நடுவில் ஆழம் தெரியாத வெடிப்புகள் இருக்கும். ஆறு நகர்ந்துகொண்டே இருப்பதால் நேற்று போட்ட பாதை இன்று இருக்காது. அதைக் கடந்தால் ஒரு நீண்ட பனிப் பள்ளத்தாக்கு. அப்புறம் லோட்சே மலையின் பனிச்சுவர். அதன் மேலே 7,900 மீட்டர் உயரத்தில் தென் கணவாய். அங்கே காற்று ஓயவே ஓயாது. அங்கிருந்துதான் உச்சிக்குப் போகும் முதுகுப் பாறை தொடங்குகிறது.

இதில் வணிகவியல் படித்தவன் கவனிக்கிற விஷயம் ஒன்று உண்டு. உச்சிக்கு இரண்டு பேர் போக ஒரு கூடாரம், சாப்பாடு, பிராணவாயு உருளைகள் எல்லாம் கடைசி முகாமில் இருக்க வேண்டும். அதைக் கொண்டுபோக நாலைந்து பேர் வேண்டும். அந்த நாலைந்து பேருக்கும் கீழ் முகாமில் அதே சாமான்கள் வேண்டும், அதைக் கொண்டுபோக இன்னும் பலர் வேண்டும். கூட்டு வட்டி போல் பெருகிக்கொண்டே போகும். 1953-ல் காத்மாண்டுவிலிருந்து மூட்டை தூக்கியவர்கள் மட்டும் 350 பேருக்கு மேல். மாடி மாடியாக இருபது லிட்டர் தண்ணீர் கேன் தூக்கி வருகிற தம்பியின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறீர்களா? அந்த 350 பேரின் பெயர்களையும் அப்படித்தான் யாரும் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை.

1952 வசந்தத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். என்னைக் கேட்டால் டென்சிங்கின் வாழ்க்கையில் 1953-ஐவிட இந்த வருடம்தான் பெரியது. சுவிஸ் குழு அவரைக் கூலியாகப் பார்க்கவில்லை. சுமைதூக்கிகளின் தலைவரான சர்தார் என்பதோடு, ஏறுபவர்களில் ஒருவராகவும் சேர்த்துக்கொண்டது. ரேமண்ட் லாம்பேர் என்பவரோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினார். லாம்பேர் முன்பே ஒரு விபத்தில் கால்விரல்களைப் பனிக்குப் பறிகொடுத்தவர். இவருக்குப் பிரெஞ்சு வராது, அவருக்கு ஷெர்பா மொழி வராது. இருந்தும் அந்தச் சிநேகம் ஆயுள் முழுக்க நீடித்தது.

மே 27 சாயங்காலம் இருவரும் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் இருந்தார்கள். கூட வந்தவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். கையில் ஒரு சின்னக் கூடாரம் இருந்தது. படுக்கைப் பை இல்லை, அடுப்பு இல்லை. வானிலை நன்றாக இருந்ததால் தங்கிவிட முடிவு செய்தார்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, காலி டப்பாவில் பனித்துண்டை உருக்கி ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். தூங்கிப்போனால் அப்படியே உறைந்துவிடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டியும் தேய்த்தும் விடியும் வரை விழித்திருந்தார்கள். காலையில் ஏறத் தொடங்கினார்கள். கொண்டுவந்த பிராணவாயுக் கருவியோ நின்றால் வேலை செய்தது, நடந்தால் வேலை செய்யவில்லை. பாதித் தூரம் தவழ்ந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போராடி 200 மீட்டர் ஏறினார்கள். அதுவரை எந்த மனிதனும் ஏறாத உயரம். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர் பாக்கி.

அங்கே நின்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே போகலாம், போயிருந்தால் ஒருவேளை தொட்டும் இருக்கலாம். திரும்பி இறங்கத் தெம்பு இருந்திருக்காது. திரும்பினார்கள். மலையேறுவதில் கஷ்டமான காரியம் ஏறுவதும் அல்ல, இறங்குவதும் அல்ல. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்புவது என்று எனக்குப் படுகிறது. பதினேழு வருடமாக அந்த மலையையே நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதைச் செய்தார். செய்ததால்தான் அடுத்த வருடம் அவர் உயிரோடு இருந்தார்.

அதே வருடம் மழைக்காலம் முடிந்ததும் சுவிஸ்காரர்களோடு மீண்டும் போனார். இது ஆறாவது. குளிர்காலம் நெருங்கிவிட்டது. பனிக்கட்டிகள் மேலிருந்து விழுந்து ஒரு ஷெர்பா இறந்தார். தென் கணவாயைக் கொஞ்சம் தாண்டியதும் காற்று அடித்து விரட்டிவிட்டது. டென்சிங் காய்ச்சலோடு திரும்பி, உடம்பு இளைத்து, பாட்னாவில் மருத்துவமனையில் படுத்தார். அப்போதுதான் ஆங்கிலேயர்களின் அழைப்பு வந்தது. இந்த உடம்போடு போகக் கூடாது என்று ஆங் லாமு சண்டை போட்டார். எந்த வீட்டில்தான் போடமாட்டார்கள்? இவரோ விடியற்காலையில் எழுந்து, முதுகுப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு டார்ஜிலிங் மேடுகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். வயது 38.

1953-ல் குழுத்தலைவர் ஜான் ஹண்ட். ஆரம்பமே சரியில்லை. காத்மாண்டுவில் வெள்ளைக்காரர்கள் பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்தில் தங்க, ஷெர்பாக்களைக் கார் நிறுத்தும் கொட்டகையில் படுக்கச் சொன்னார்கள். கழிப்பறைகூடக் கிடையாது. மறுநாள் காலை ஷெர்பாக்கள் தூதரகத்துக்கு எதிரிலேயே வரிசையாக நின்று சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்! இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சமாதானம் செய்தது சர்தாரான டென்சிங்தான். சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும்.

ஏப்ரலில் ஒருநாள் டென்சிங்கும் நியூசிலாந்துக்காரரான ஹில்லாரியும் பனிவீழ்ச்சி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெடிப்பைத் தாண்ட ஹில்லாரி குதித்தார். கால் வைத்த பனிப்பாளம் உடைந்து அவரோடு உள்ளே போனது. பின்னால் வந்த டென்சிங் பனிக்கோடாரியைத் தரையில் ஊன்றி, அதில் கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, ஹில்லாரியின் விழுகையை நிறுத்தினார். அன்றிலிருந்து இருவரும் ஜோடி ஆனார்கள். நம் ஊரில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார் வரை இறங்குகிறவர், மேலே தோணியில் கயிறு பிடிப்பவரை நம்பித்தான் இறங்குவார். மச்சான் முறைக்காரர்தான் கயிறு பிடிப்பார் என்பார்கள், தங்கையின் தாலி அவர் கையில் என்று. அங்கே பனியிலும் அதே கணக்குதான், ஆனால் மச்சான் மாப்பிள்ளை உறவு கிடையாது.

மே 26 அன்று எவான்ஸ், போர்டில்லன் என்ற இருவர் முதலில் முயன்றார்கள். தெற்குச் சிகரம் வரை போய், நேரமும் பிராணவாயுவும் போதாமல் திரும்பினார்கள். 28-ம் தேதி டென்சிங், ஹில்லாரி முறை. சுமை கொண்டுபோக வேண்டிய ஷெர்பாக்களில் ஆங் நிமா ஒருவர்தான் ஏறும் நிலையில் இருந்தார். அவரும், லோ, கிரிகரி என்ற இரண்டு வெள்ளைக்காரர்களும் சுமையோடு வந்து சுமார் 8,500 மீட்டரில் இவர்களை விட்டுவிட்டுக் கீழே போனார்கள். இரவு மைனஸ் 27 டிகிரி. ஹில்லாரி வெளியே கழற்றி வைத்த பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. டென்சிங் தன்னுடையதைக் கழற்றவே இல்லை. அனுபவம் என்பது இதுதான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். டென்சிங் உடம்பில் இருந்தவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். பூட்ஸ் சுவிஸ் குழு கொடுத்தது. காலுறை ஆங் லாமு பின்னியது. காதை மூடும் குல்லா அந்த ஏழை டென்மன் விட்டுப்போனது. கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டு லாம்பேருடையது. ஏழு பயணத்தில் சேர்ந்த சொத்து அவ்வளவும் உடம்பில் இருந்தது. தெற்குச் சிகரத்தைத் தாண்டியதும் சுமார் 12 மீட்டர் உயரமுள்ள பாறைப்படி ஒன்று வழிமறித்தது. பாறைக்கும் பனிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து ஹில்லாரி ஏறினார். கயிற்றைப் பிடித்து டென்சிங் பின்தொடர்ந்தார். பிறகு மேடு மேலாக மேடு. ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏற மேடு இல்லை.

உச்சியில் பதினைந்து நிமிடம்தான். பனிக்கோடாரியில் கட்டிய ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகிய நாலு கொடிகளையும் உயர்த்தியபடி டென்சிங் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடுத்தது ஹில்லாரி. ஹில்லாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. டென்சிங் பனியில் குழி பறித்து, காணிக்கையாகக் கொஞ்சம் மிட்டாயும் மகள் நிமா கொடுத்தனுப்பிய ஒரு துண்டுப் பென்சிலையும் புதைத்தார். பள்ளிக்கூடமே போகாதவர் உலகத்தின் உச்சியில் வைத்தது ஒரு பென்சில்.

கீழே வந்ததும்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. முதலில் கால் வைத்தது யார்? நேபாளத்தில் கூட்டம் இவர்தான் முதல் என்று கொண்டாடியது, ஹில்லாரியை இவர் இழுத்துக்கொண்டு போவது போல் படம் வரைந்து பிடித்தது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் வேறு மாதிரி எழுதின. நேபாளம் எங்கள் குடிமகன் என்றது, நாம் எங்களவர் என்றோம். படிக்கத் தெரியாத மனிதரின் கையில் காகிதங்களைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே அடைந்தோம் என்று காத்மாண்டுவில் ஓர் அறிக்கை கொடுத்து அப்போதைக்கு ஓய்ந்தார்கள். அதற்கு மேல் பட்ட விஷயம் விருது. ஹண்டுக்கும் ஹில்லாரிக்கும் சர் பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இதற்குக் காரணங்கள் பல சொல்கிறார்கள். எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

நேரு அவரை அன்போடு நடத்தினார். லண்டன் போகப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்தார். போட்டுக்கொள்ள நல்ல உடை இல்லை என்று தெரிந்து, அளவு சரியாக இருந்ததால் தன் அலமாரியைத் திறந்து தன்னுடைய உடைகளையே எடுத்துக் கொடுத்தார்.

1955-ல் உல்மன் என்ற எழுத்தாளர் எழுத, டென்சிங் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி வெளியிட்டார். அதில் கேள்விக்கு விடை கொடுத்தார். ஒரே கயிற்றில், சில அடி இடைவெளியில் போனோம், முதலில் கால் வைத்தவர் ஹில்லாரி, நான் பின்னால் வைத்தேன் என்று விஷயத்தைச் சொல்லிவிட்டார். தான்தான் முதல் என்று சொல்லியிருந்தால் இந்த நாடே நம்பியிருக்கும். மறுக்க ஒரு புகைப்படம்கூடக் கிடையாது, இருந்த படத்தில் நின்றவரும் இவர்தான். முத்துச் சிப்பியில் முங்கியவருக்கும் பங்கு உண்டு, கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு என்று நம் கடற்கரைக்குத் தெரிந்த நியாயம் உலகத்துக்குத் தெரியவில்லை. அதனால் அவர் அப்படி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநர். ஒன்றிரண்டு வருடமல்ல, 1976-ல் ஓய்வு பெறும் வரை அங்கே இளைஞர்களுக்குக் கயிறு கட்டவும் பனியில் படி வெட்டவும் சொல்லிக்கொடுத்தார். 1959-ல் பத்ம பூஷண். ஆங் லாமு 1964-ல் இறந்தார். டக்கு என்ற மனைவி மூலம் நாலு பிள்ளைகள். அவர்களில் ஜாம்லிங் எவரெஸ்ட் போக வேண்டும் என்று கேட்டபோது இவர் சம்மதிக்கவில்லை, படிக்க அனுப்பினார். தான் ஏறியதே பிள்ளைகள் ஏறாமல் இருக்கத்தான் என்பது அவருடைய எண்ணம். பையன் கேட்கவில்லை, அப்பா இறந்த பத்து வருடம் கழித்து 1996-ல் ஏறிவிட்டான்.

டென்சிங் இறந்தது 1986 மே 9, டார்ஜிலிங்கில். ஹில்லாரி அப்போது டில்லியில் நியூசிலாந்தின் தூதராக இருந்தார். இறுதிச் சடங்குக்கு மலையேறி வந்து நின்றார். பயிற்சி நிறுவன வளாகத்திலேயே தகனம் நடந்தது.

விடுமுறைக்கு டார்ஜிலிங் போகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு ரயில் உண்டு, அங்கிருந்து ஜீப் கிடைக்கும். நிறுவனம் விலங்குக்காட்சிசாலை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சிலையும் நினைவிடமும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளவும், வாசலிலிருந்து ஏற்றம் கொஞ்சம் கடுமை.